சந்தியில் காத்திருக்கும் ஆட்களைக் கணக்கில் எடுங்கள்: கொழும்பின் வீதிகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீதி அபிவிருத்தி அதிகார சபை, கொழும்பு மாநகர சபை, பொலிஸ் போக்குவரத்துப் பிரிவு, மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை ஆகியவற்றில் கடமையாற்றும் மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளிக்கூட விடுமுறை விட்ட பிறகு வரும் திங்கட்கிழமைக் காலையில் காலி வீதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தெஹிவளையில் ஏறுகிறவர் நினைத்த நேரத்துக்குக் கொள்ளுப்பிட்டியில் இறங்கிவிடுவார். வீதி ஓரடிகூட அகலவில்லை. விளக்குகள் அதே விளக்குகள். கந்தோர்களும் கடைகளும் வழக்கம்போலத் திறந்துதான் இருக்கின்றன. பள்ளிக்கூட வான்களும் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் கார்களும் மட்டுமே இல்லை. வாகனங்களில் ஒரு பங்குதான் குறைகிறது. நெரிசலில் பெரும்பங்கு காணாமற்போகிறது.

நான் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிப்பவன். இந்த விடுமுறைக் காலைகளைக் கொழும்பு தவணைக்குத் தவணை எங்களுக்குச் செய்து காட்டும் பரிசோதனையாகவே பார்க்கிறேன். அதன் விடை, காத்திருக்கும் வரிசைகளை ஆராயும் கணிதமான வரிசைக் கோட்பாட்டில் நூறு வருடங்களாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு சந்தியால் விடக்கூடிய வாகனங்களில் 80 சதவீதம் வந்துகொண்டிருந்தால், மிக எளிய வரிசை மாதிரியின்படி சராசரியாக 4 வாகனங்கள் அங்கே நிற்கும். 90 சதவீதம் வந்தால் 9. 95 சதவீதம் வந்தால் 19. வரவு ஐந்து சதவீதப் புள்ளிதான் கூடியது, வரிசையோ இரண்டு மடங்காகிவிட்டது. உண்மையான சந்தி இந்த மாதிரியைவிடச் சிக்கலானது என்பது தெரியும். ஆனால் எல்லைக்குக் கிட்டப் போகப் போக நிலைமை செங்குத்தாக மோசமாகும் என்பது எல்லா மாதிரிகளிலும் ஒன்றுதான். கொழும்பு காலையிலும் மாலையிலும் அந்த எல்லையில்தான் நிற்கிறது.

இதற்கு இரண்டு பக்கம் உண்டு. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. எல்லையில் நிற்கும் வீதியில் இனிச் சேரும் ஒவ்வொரு சதவீதமும் தன் பங்கைவிடப் பல மடங்கு மினக்கேட்டைக் கொண்டுவரும். மறுபக்கம் நல்ல செய்தி: அதே எல்லையிலிருந்து சிறிது பின்வாங்கினாலே பெரிய நிவாரணம் கிடைக்கும். ஸ்டொக்ஹோம் நகரம் 2006 இல் ஏழு மாதங்கள் நெரிசல் கட்டணத்தைச் சோதித்துப் பார்த்தபோது, நகர எல்லையைக் கடக்கும் வாகனங்கள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. வீதிகளின் மாற்றத்தைக் கண்ட நகர மக்கள் அதே வருடம் வாக்கெடுப்பில் அதை ஆதரித்தார்கள், அடுத்த வருடம் அது நிரந்தரமானது. கொழும்பில் இன்றே கட்டணம் அறவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மாற்றாக ஏறிப்போக நம்பகமான பஸ் இல்லாத ஊரில் அது ஏழைகளைத்தான் முதலில் வருத்தும். நான் கேட்பது அதைவிட மலிவானது, உங்கள் கைக்கு எட்டிய தூரத்தில் இருப்பது.

பெரிய திட்டங்களை இந்த நகரம் நிறையவே பார்த்துவிட்டது. 2016 இல் மேல் மாகாணத்துக்கான போக்குவரத்துப் பெருந்திட்டம் வந்தது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில் பாதை போட 2019 இல் ஜப்பானுடன் கடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. 2020 செப்டெம்பரில் அது நிறுத்தப்பட்டது. அதன் பிறகு 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. கொங்கிறீற்றிலும் இரும்பிலும் பெரிதாகக் கட்ட இன்னும் சில காலம் காசு இருக்காது. ஆனால் இருக்கிற விளக்குகளைச் சரியாகக் கணக்குப் பார்த்து எரிய விடுவதற்குக் கோடிகள் தேவையில்லை.

சமிக்ஞை விளக்கின் கணக்கு ஒன்றும் இரகசியமல்ல. பிரித்தானிய வீதி ஆய்வுகூடத்தில் வெப்ஸ்டர் என்பவர் 1958 இல் வெளியிட்ட சூத்திரத்தை இன்றும் உலகெங்கும் பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். ஒரு சுற்றில், அதாவது ஒரு பச்சை தொடங்கி அதே பச்சை மறுபடி தொடங்கும் வரை, மஞ்சளுக்கும் எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்பதற்கும் வாகனங்கள் கிளம்பத் தாமதிப்பதற்கும் வீணாகும் வினாடிகளை எடுங்கள். அதை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டுங்கள். சந்தியின் சுமை விகிதத்தை, அதாவது சந்தியால் விடக்கூடியதில் எவ்வளவு பங்கு வருகிறது என்பதை, ஒன்றிலிருந்து கழித்து, வருவதால் வகுங்கள். மிகக் குறைந்த தாமதத்தைத் தரும் சுற்று நேரம் அதுதான். 12 வினாடி வீணாகும் சந்தியில் சுமை 0.7 என்றால் சுற்று 77 வினாடி. சுமை 0.8 என்றால் 115. 0.9 என்றால் 230. அதாவது காலை ஆறு மணிக்கும், ஏழரைக்கும், மத்தியானம் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும்போதும், இரவு ஒன்பதுக்கும் ஒரே சுற்று நேரம் பொருந்த வழியே இல்லை. பொழுதுக்கு ஏற்றபடி மாறாத விளக்கு, நாளின் பெரும்பகுதியில் பிழையான விளக்குத்தான்.

சுமையை அளப்பதில் எங்களுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. வெப்ஸ்டரின் அளவீடுகள் அன்றைய பிரித்தானிய வீதிகளுக்கானவை. எங்கள் சந்தியில் சிவப்பு விழுந்ததும் மோட்டார் சைக்கிள்கள் இடைவெளிகளுக்குள்ளால் முன்னுக்கு வந்துவிடும். முச்சக்கர வண்டிகள் இரண்டு தடக் கோட்டுக்கு நடுவில் மூன்றாவது தடம் ஒன்றை உண்டாக்கும். பச்சை விழுந்த முதல் ஐந்து வினாடியில் நிறுத்தக் கோட்டைத் தாண்டுவது பெரும்பாலும் இரண்டு சக்கரமும் மூன்று சக்கரமும்தான். அதன் பின்னால்தான் பஸ் உறுமிக்கொண்டு கிளம்பும். ஆகவே பிறநாட்டுக் கையேட்டு இலக்கங்களைக் கொண்டுவந்து இங்கே போட்டால் விடை பிழைக்கும். ஒவ்வொரு பச்சைக்கும் எத்தனை வாகனம், எந்த வகை, எத்தனை வினாடியில் தாண்டின என்று இங்கேயே எண்ண வேண்டும். பென்சிலும் கடிகாரமும் இருந்தால் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை எண்ணிவிடும்.

நெரிசல் நேரத்தில் விளக்கை மஞ்சளாக மின்ன விட்டு, சந்தியின் நடுவில் பொலிஸ் அலுவலர் இறங்கி நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த அலுவலர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெயிலிலும் மழையிலும் புகையிலும் மணிக்கணக்காக நின்று, நாலு பக்கமும் ஹோன் அடிக்கிறவர்களின் கோபத்தைத் தாங்குகிறார்கள். தங்களுக்கு முன்னால் நிற்கும் வரிசையை அவர்களைவிட நன்றாக யாரும் அறிய முடியாது. அவர்களால் பார்க்க முடியாதது அடுத்த சந்தி.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு சந்திகளுக்கு இடையில் 200 மீற்றர். நிற்கும் வாகனம் ஒன்று முன்னுக்கும் பின்னுக்கும் இடைவெளியோடு 6 மீற்றர் பிடிக்கும் என்று வைத்தால், ஒரு தடத்தில் 33 வாகனம் அடங்கும். நிமிடத்துக்கு 10 வாகனம் வந்தால், மூன்று நிமிடமும் கொஞ்சமும் மறித்து வைத்த உடனேயே அந்தத் தடம் நிறைந்து வரிசையின் வால் பின்னுள்ள சந்திக்குள் போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் பின் சந்தியில் பச்சை எரிந்தும் பயனில்லை. குறுக்கே போக வேண்டியவர்களும் போக முடியாது. இந்தச் சந்தியில் ஒரு பக்கத்தைக் கருணையோடு நாலு நிமிடம் விட்டுக்கொடுத்தது, அங்கே இரண்டு சந்திகளைப் பூட்டிவிடுகிறது. அங்கே நிற்கும் அலுவலர் தன் பங்குக்கு இன்னும் நீளமாகத் திறந்துவிடுகிறார். பூட்டு நகரத்தின் உள்ளே உள்ளே நகர்கிறது. அலுவலரின் அனுபவம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர் எத்தனை மணிக்கு விளக்கைத் தன் கைக்கு எடுத்தார், எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் திறந்தார் என்பது ஒரு பதிவில் ஏற வேண்டும். அந்தப் பதிவு இருந்தால் அவர் அறிந்ததை விளக்கும் அறிந்துகொள்ளும். அடுத்த சந்தி நிறைந்துவிட்டது என்ற தகவல் அவர் கையில் உள்ள தொலைபேசிக்கு வந்தால், அவர் தீர்மானமும் மாறும்.

சந்திகளைக் கோத்துப் பார்ப்பதற்கு கொழும்பில் மிகப் பொருத்தமான ஒரு இடம் இருக்கிறது. கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையே காலி வீதியும் டூப்ளிகேஷன் வீதியும் ஒருவழிச் சோடியாக ஓடுகின்றன. ஒருவழி வீதியில் பச்சை அலை, அதாவது ஒரு பச்சையில் கிளம்பியவருக்கு அடுத்தடுத்த விளக்குகளும் பச்சையாகக் கிடைக்கும் ஏற்பாடு, அமைப்பது மிக இலகு. இரண்டு விளக்குகளுக்கு இடையே 400 மீற்றர் என்றும், வாகனங்கள் மணிக்கு 36 கிலோமீற்றரில் போக வேண்டும் என்றும் வைத்தால், அது வினாடிக்கு 10 மீற்றர். முதல் விளக்குப் பச்சையாகி 40 வினாடி கழித்து இரண்டாவது பச்சையாக வேண்டும், அவ்வளவுதான். அப்படிக் கோத்துவிட்டால் அறுபதில் பறந்து போனவரும் அடுத்த சிவப்பில் நின்றுதான் ஆக வேண்டும். முப்பத்தாறில் போனவர் நிற்காமல் போவார். அபராதச் சீட்டு எழுதாமலே வேகம் அடங்கும்.

பம்பலப்பிட்டிக்குத் தெற்கே, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் காலி வீதி இருவழியாகிறது. அங்கே கணக்கு உண்மையிலேயே கடினமாகிறது. 400 மீற்றரும் 80 வினாடிச் சுற்றும் என்றால் இரண்டு திசைக்கும் பச்சை அலை கிடைக்கும், ஏனென்றால் 40 என்பது 80 இன் சரி பாதி. 250 மீற்றர் என்றால் 25 வினாடி; ஒரு திசைக்கு ஒத்துவரும், எதிர்த் திசைக்கு ஒத்துவராது. வெள்ளவத்தையின் ஒழுங்கைகள் யாருடைய சுற்று நேரத்தையும் கேட்டுக்கொண்டு அமைக்கப்பட்டவை அல்லவே. இப்படிப்பட்ட வீதியில் எல்லா விளக்குக்கும் சேர்த்து மிக அகலமான பச்சைப் பட்டையை, அதாவது நிற்காமல் போகக்கூடிய மிக நீண்ட நேர இடைவெளியை, தேடும் கணக்கை அமெரிக்க ஆய்வாளர் ஜோன் லிற்றில் 1966 இல் கலப்பு முழுஎண் நேரியல் திட்டமிடல் என்ற கணித முறையில் எழுதிக் காட்டினார். அன்று அதற்குப் பெரிய கணினி வேண்டியிருந்தது. இன்று எந்த மடிக்கணினியும் போதும். காலையில் கோட்டை நோக்கியும் மாலையில் தெஹிவளை நோக்கியும் பட்டையை அகலமாக வைக்கலாம். சிட்னி நகரம் 1970களிலேயே ஸ்கட்ஸ் என்ற முறையில் வீதிக்கடியில் உணரிகளைப் பதித்து, வரவுக்கு ஏற்ப விளக்குகளைத் தானே மாற்றிக்கொள்ளச் செய்தது. பிட்ஸ்பர்க் நகரில் 2012 இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தவர்கள் ஒன்பது சந்திகளில் தொடங்கிய முறையில் ஒவ்வொரு சந்தியும் தனக்குத் தானே கணக்குப் போட்டு, தன்னிடமிருந்து கிளம்பும் வாகனங்களை அடுத்த சந்திக்கு அறிவிக்கிறது. பயண நேரம் கால்வாசி குறைந்ததாக அவர்கள் அறிக்கையிட்டார்கள். ஒன்பது சந்திதான். கொழும்பும் அந்த அளவில் தொடங்கலாம்.

இனி, இந்த மடலை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறேன்.

கணினிக்குக் கணக்குப் போடத் தெரியும். எதைக் குறைக்க வேண்டும் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். வாகனங்களின் மொத்தத் தாமதத்தைக் குறை என்றால் அது அதைத்தான் செய்யும். அந்தக் கணக்கில் தனி ஒருவர் ஓட்டிவரும் காரும் ஒன்று. மிதிபலகையிலும் ஆட்கள் தொங்க வரும் 100 ஆம் இலக்கப் பாணந்துறை பஸ்ஸும் ஒன்று, மிஞ்சினால் இரண்டோ மூன்றோ. பொறியியல் கணக்கில் பஸ்ஸை இத்தனை காருக்குச் சமம் என்று எடுப்பது அது வீதியில் பிடிக்கும் இடத்தை வைத்து. உள்ளே இருக்கிறவர்களை அந்த எண் பார்ப்பதில்லை.

ஆட்களை வைத்துக் கணக்கைத் திருப்பிப் போடுவோம். 50 பேரோடு வரும் ஒரு பஸ், பச்சை முடியும் தறுவாயில் சந்தியை நெருங்குகிறது. பச்சையை 8 வினாடி நீட்டினால் அது போய்விடும். நீட்டாவிட்டால் 70 வினாடி நிற்கும். நீட்டினால் மிச்சமாவது 50 பேருக்கு 70 வினாடி, அதாவது 3,500 ஆள்-வினாடி. குறுக்கு வீதியில் 20 வாகனங்களில் இரண்டிரண்டு பேராக 40 பேர் 8 வினாடி கூடுதலாக நிற்பார்கள்: 320 ஆள்-வினாடி. அவர்களுக்குப் பின்னால் வந்து சேர்கிறவர்களையும் கூட்டி இதை மூன்று மடங்காக்கினாலும் ஆயிரத்தைத் தாண்டாது. இது பணக்காரருக்கு எதிரான கணக்கு அல்ல. காரில் நாலு பேர் வந்தால் அந்தக் கார் நாலு என்றே எண்ணப்படும். சந்தியில் நிற்கும் எல்லோரையும் ஆளுக்கு ஒன்று என்று எண்ணும் கணக்கு, அவ்வளவே.

அப்படி எண்ணத் தொடங்கினால் நடக்கிறவர்களும் கணக்குக்குள் வருவார்கள். வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் காலை எட்டு மணிக்குக் கடக்கும் இடத்தில் நின்று பாருங்கள். கீரைக்கட்டும் மீன் பையும் தூக்கிய வயதானவர்கள், ரியூஷனுக்குப் போகும் பிள்ளைகள், ரயில் நிலையத்திலிருந்து ஏறி வரும் கந்தோர்க்காரர். ஒரு சிவப்புக்குள் முப்பது நாற்பது பேர் சேர்ந்துவிடுவார்கள். பச்சை மனிதன் மின்னத் தொடங்கும்போது வயதானவர்கள் வீதியின் நடுக்கோட்டைத்தான் தாண்டியிருப்பார்கள். வாகனங்களை மட்டும் எண்ணும் விளக்குக்கு இவர்கள் பூச்சியம். காத்திருந்து பொறுமை இழந்தவர் சிவப்பிலேயே இறங்கி ஓடுகிறார், பிறகு அவரைப் பொறுப்பற்றவர் என்கிறோம். கணக்கில் அவருக்கு இடமே கொடுக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

பஸ்ஸுக்கு முன்னுரிமை கொடுத்தால் மட்டும் போதாது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். சந்தியைத் தாண்டவிட்ட பஸ் அடுத்த தரிப்பிடத்தில் ஆள் சேரும்வரை நகராமல் நின்றால், மிச்சம் பிடித்த 70 வினாடி வீணாகும். பிறகு பின்னால் அதே இலக்கப் பஸ் வருவதைக் கண்டதும் இரண்டும் ஒன்றையொன்று முந்தி ஓடும். சாரதியும் நடத்துநரும் பிடிவாதக்காரர் என்பதால் மட்டும் இது நடப்பதில்லை. அன்றைய வசூலில் அன்றைய கூலி என்ற ஏற்பாடு அவர்களை அப்படித் தள்ளுகிறது. அந்த ஏற்பாடு இல்லாவிட்டாலும் பஸ்கள் சோடி சேரும் என்பதை ஆய்வாளர்களான நியூவெல்லும் பொட்ஸும் 1964 இலேயே கணக்கால் காட்டினார்கள். கொஞ்சம் பிந்திய பஸ்ஸுக்காக அடுத்த தரிப்பிடத்தில் கூட ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்ற இன்னும் பிந்தும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆள் குறைவு. அது முந்திக்கொண்டு வந்து ஒட்டிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே பஸ்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டாக வந்தால் 10 நிமிடம். பஸ் கூடவில்லை, குறையவில்லை, டீசல் செலவும் மாறவில்லை. காத்திருப்பு மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. சாரதியின் தொலைபேசியிலிருந்து பஸ் நிற்கும் இடம் தெரிந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு, பிந்தி வரும் பஸ்ஸுக்கு மட்டும் பச்சையை நீட்டலாம். அதனால்தான் இந்த மடலை நான்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். விளக்கு ஒருவரிடமும், பஸ் இன்னொருவரிடமும், சந்தி மூன்றாமவரிடமும் இருக்கும்வரை இந்தக் கணக்கை எவரும் தனியாகச் செய்து முடிக்க முடியாது.

இதெல்லாம் எங்கள் நாட்டில் சரிவராது என்று சிலர் சொல்வார்கள். 2022 ஜூலையில் எரிபொருள் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் கிடந்தபோது, வாகன இலக்கத்தையும் ஒரு கியூஆர் குறியையும் வைத்து வாராந்தப் பங்கீட்டை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தியது இதே அரசாங்க இயந்திரம்தான். முச்சக்கர வண்டி ஓட்டுநரிலிருந்து வைத்தியர் வரை எல்லோரும் அந்தக் குறியைத் தொலைபேசியில் காட்டினோம். வரிசைகள் சுருங்கின. 2024 ஜனவரியிலிருந்து கொழும்புச் சந்திகளில் உள்ள சிசிடிவி கமராக்களைக் கொண்டு பொலிஸார் போக்குவரத்து விதிமீறல்களைக் கண்டுபிடித்து வருகிறார்கள். அதே கமராவின் படத்தில் வாகனங்களையும் ஆட்களையும் எண்ணுவதற்கு இன்று இலவச மென்பொருள்கள் உண்டு. தண்டம் அறவிடப் பயன்படும் கண், காத்திருப்பைக் குறைக்கவும் பயன்படட்டும். எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை அழித்துவிடலாம். முகமும் வாகன இலக்கமும் இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. இதைச் சட்டமாகவே எழுதி வைப்பது நல்லது. கண்காணிப்பு என்றால் என்னவென்று அனுபவத்தில் அறிந்த மக்கள் இந்த நகரத்தில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அந்த உறுதி வேண்டும்.

கொழும்பின் பகற்பொழுதுக்கு ஆட்கள் எங்கெங்கிருந்து வருகிறார்கள் என்பதை லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் அடையாளம் நீக்கிய தொலைபேசி அழைப்புப் பதிவுகளைக் கொண்டு பத்து வருடங்களுக்கு முன்பே வரைபடமாக்கியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துப் பொறியியலுக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஜேர்மன் விண்வெளி ஆய்வு நிலையம் உருவாக்கிய சூமோ என்ற இலவச மென்பொருளில் ஒரு நகரத்தின் வீதிகளை ஏற்றி, ஒவ்வொரு பஸ்ஸையும் காரையும் தனித்தனியாக ஓடவிட்டுப் பார்க்கலாம். திறந்த வரைபடங்களில் கொழும்பின் வீதிகள் ஒழுங்கை வரை இருக்கின்றன. ஆக, ஆட்கள் இருக்கிறார்கள், மென்பொருள் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. எந்த விளக்கு எத்தனை வினாடி எரிகிறது, எந்தச் சந்தியால் எத்தனை பேர் போகிறார்கள் என்ற இரண்டும்தான் பொதுமக்கள் கைக்கு வராமல் இருக்கின்றன. அவை உங்கள் கோப்புகளிலும் விளக்குப் பெட்டிகளிலும் இருக்கின்றன.

ஒத்திகை பார்க்காமல் வீதி திறப்பதில் உள்ள ஆபத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் தத்தமக்குக் குறுகிய வழியைத் தேடினால், புதிதாகத் திறந்த ஒரு வீதியே எல்லோருடைய பயணத்தையும் நீட்டக்கூடும் என்று டீட்ரிச் பிறெஸ் என்ற ஜேர்மன் கணிதவியலாளர் 1968 இல் நிறுவினார். வழிகாட்டிச் செயலியைப் பார்த்து ஒழுங்கைகளுக்குள் நுழையும் கார்கள் மறுமுனையில் காலி வீதியின் பஸ் வரிசையையே வந்து மறிக்கும்போது, அதன் ஒரு சிறு வடிவத்தை வெள்ளவத்தைக்காரர் கண்ணால் காண்கிறோம். மேம்பாலமோ புதுத் தடமோ, முதலில் கணினிக்குள் ஓட்டிப் பாருங்கள். பிறகு அடிக்கல் நாட்டுங்கள்.

செயற்கை நுண்ணறிவு விற்க வருகிறவர்களிடமும் கவனமாக இருங்கள். எண்ணிக்கை இல்லாத ஊரில் எந்த நுண்ணறிவும் ஊகம்தான். பெங்களூர், ஹைதராபாத், கொல்கத்தாவில் கூகுள் நிறுவனம் தன் வரைபடத் தரவைக் கொண்டு விளக்கு நேரங்களுக்கு ஆலோசனை சொல்கிறது. அப்படி உதவி வந்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் எண்ணிக்கையும் நேர அட்டவணையும் நகரத்தின் சொத்தாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளில் கணக்கும் வெளியேறிவிடக் கூடாது.

நான் கேட்பது இதுதான். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி ஒருவழிச் சோடியைத் தெரிவுசெய்யுங்கள். முதல் ஒரு மாதம் எதையும் மாற்றாமல் எண்ணுங்கள்: வாகனம், பஸ்ஸில் உள்ளவர்கள், நடக்கிறவர்கள், அலுவலர் விளக்கைக் கையில் எடுத்த நேரங்கள். அந்த எண்களை அப்படியே வெளியிடுங்கள், மும்மொழியிலும். பிறகு விளக்குகளைக் கோத்து, ஆள்-வினாடிகளைக் குறைக்கும்படி நேரங்களை அமையுங்கள். பள்ளிக்கூடத் தவணை நடக்கும் மூன்று மாதங்களில் சோதியுங்கள். விடுமுறையில் சோதித்தால் எல்லாமே வெற்றியாகத்தான் தெரியும். இறுதியில் முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். பயன் இல்லை என்று வந்தால் அதையும் வெளியிடுங்கள். எங்கே பிழைத்தது என்று பார்க்க நிறையப் பேர் இருக்கிறோம். பயன் உண்டு என்று வந்தால் பொரளை, மருதானை, கொட்டாஞ்சேனை, கிருலப்பனை என்று சந்தி சந்தியாகப் போகலாம். பள்ளிக்கூடங்கள் சிலவற்றின் தொடக்க நேரத்தை இருபது நிமிடம் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியையும் அதே மாதிரியில் ஓட்டிப் பார்க்கலாம். கல்வி அமைச்சோடு பேச அப்போது உங்கள் கையில் எண் இருக்கும்.

எண்ணுவதற்கு ஆள் போதாது என்றால் இணைந்த கணிதம் படிக்கும் மாணவர்களைக் கேளுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழிமூலப் பிள்ளைகளும் ஒரே சந்தியில் நின்று ஒரே படிவத்தை நிரப்ப முடியும். ஆசிரியர்களான நாங்கள் கூட நிற்போம், பயிற்சி கொடுப்போம், பிழை திருத்துவோம். எங்களுக்குச் சம்பளம் தேவையில்லை. வீதியோரத்தில் நிற்க எழுத்தில் ஓர் அனுமதியும், எண்ணியதை ஒப்படைக்கப் பொறுப்பான ஓர் அலுவலரின் பெயரும் இருந்தால் அடுத்த தவணை தொடங்கும் கிழமையிலேயே ஆரம்பித்துவிடலாம். உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

நன்றியுடன்,
வெள்ளவத்தையிலிருந்து
ஒரு கணித ஆசிரியர்